சீமைத் தோட்டாவும் தங்கையன் கையும்

மாயவரத்துக்குப் பக்கத்துக் குத்தாலத்துக்குக் கிழக்கே, செங்கல் சூளைக்கு மண் எடுத்து எடுத்துப் பள்ளமாகிப் போன நிலம் ஒன்று இருந்தது. அந்தப் பள்ளத்தில்தான் ரைபிள் கிளப்காரர்கள் சுட்டுப் பழகினார்கள். வடக்குச் சரிவில் இலக்கு அட்டைகளை வரிசையாக நிறுத்தி, ஐம்பது கஜம் தள்ளிக் கோணிப்பையை விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டு சுடுவார்கள். சுடுகிறவர்கள் மிராசுதார்களும் தாலுகா உத்தியோகஸ்தர்களும். அவர்கள் சுட்டு முடித்த துப்பாக்கிகளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, குறி சரிபார்த்து, பூட்டி வைக்கிறவர் கோவிந்தராசு.

கோவிந்தராசுவின் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் அவருடைய தங்கை புருஷன் தங்கையனிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. இது அவர் காதில் விழுந்தால் வயிறெரிவார். என்ன செய்வது, அந்த மனுஷனின் நாற்பத்தேழு வயதில் கடைசி ஐந்து வருஷம் முழுக்கத் தங்கையனைப் பார்த்து எரிவதிலேயே போயிருந்தது.

பதினெட்டு வருஷம் பட்டாளத்தில் ஆயுதக் கிடங்கில் இருந்தவர் அவர். ஆட்சி மாறிய அறுபத்தேழாம் வருஷம் பெட்டி படுக்கையுடன் ஊர் திரும்பினார். காலனித் தெருவே தன்னைச் சுற்றி உட்கார்ந்து பனிமலைக் கதை கேட்கும் என்று நினைத்திருந்தார். இரண்டு நாள் கேட்டார்கள். மூன்றாம் நாள் எல்லோரும் எழுந்து தங்கையன் வீட்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். அங்கே கூலிக்காரர் சங்கக் கூட்டம். அறுப்புக் கூலியில் அரை மரக்கால் கூட்டிக் கேட்பது பற்றிப் பேச்சு. தன்னைவிடப் பத்து வயது சின்னவன், தான் எல்லையில் இருந்தபோது தன் தங்கை அம்சவல்லிக்குத் தாலி கட்டியவன், நடுவில் உட்கார்ந்துகொண்டு எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் எதைத் தொட்டாலும் தங்கையன். அறுப்புத் தகராறில் வலது மணிக்கட்டில் போலீஸ் தடியடி பட்டவன் தங்கையன். திருச்சி ஜெயிலில் இருபது நாள் இருந்துவிட்டு மாலையோடு வந்தவன் தங்கையன். குடியிருப்பு மனைச் சட்டம் வந்தபோது தாலுகா ஆபீசுக்கும் தஞ்சாவூருக்குமாக அலைந்து தெரு முழுக்கப் பட்டா வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். கோவிந்தராசு வீட்டு மனைக்கும் அப்படித்தான் பட்டா வந்தது. தான் படுத்துத் தூங்குகிற தரையே அவன் வாங்கிக் கொடுத்தது என்ற நினைப்பு கோவிந்தராசுவுக்குத் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. அவரைப் பற்றியோ தெருவில் ஒரே பேச்சுதான்: மிராசுதாருக்குத் துப்பாக்கி துடைக்கிறவர்.

துடைக்கிறவர்தான். ஆனாலும் அந்தத் தெருவில் துப்பாக்கியைக் கையால் தொட்டவர் அவர் ஒருவர். அந்த ஒன்று தங்கையனுக்கு வாய்க்காது என்று அவர் நிம்மதியாக இருந்தார்.

அந்த நிம்மதிக்கும் கலெக்டர் வடிவில் வேட்டு வந்தது. அறுப்புக் காலத்தில் அடிதடி வராமல் இருக்க ஊர்க்காவல் படை ஒன்று சேர்க்கச் சொன்னார் கலெக்டர். மிராசுதார், கூலிக்காரர் என்று இரண்டு பக்கத்து ஆட்களும் அதில் இருக்க வேண்டும், அவர்களுக்கு ரைபிள் கிளப் இடம் கொடுத்துச் சுடப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளப்பின் லைசென்ஸைப் புதுப்பிப்பதாக இல்லை என்றார். கிளப் தலைவர் மிராசுதார் கனகசபை பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். எழுபத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில், காக்கி அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு தங்கையன் பள்ளத்தில் வந்து இறங்கினான்.

"என்ன மச்சான், நம்மளும் வந்துட்டோம்" என்று சிரித்தான்.

"வா மாப்ள" என்றார் கோவிந்தராசு. வேறென்ன சொல்வார்?

கிளப்பில் இருந்த நல்ல ரைபிள் ஒன்றே ஒன்று. விளிம்பில் ஊசி தட்டினால் வெடிக்கிற, சுண்டுவிரலின் நுனிக் கணுவளவு நீளமான சின்னத் தோட்டா போடுவது. தங்கையன் படுத்தான், கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்தான், ஐந்து தடவை சுட்டான். கோவிந்தராசு நடந்து போய் அட்டையைப் பார்த்தார். ஐந்து ஓட்டையும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, எட்டணாக் காசை வைத்தால் மறைந்துவிடுகிற அளவில் இருந்தன.

"அதிர்ஷ்டம்" என்றார்.

மறுநாளும் எட்டணாவுக்குள். "ரைபிள் அப்படி. யாரு சுட்டாலும் விழும்" என்றார். யார் சுட்டாலும் விழாது என்பது அவருக்குத் தெரியும். கொஞ்ச நாளாக அவர் சுட்டால் உள்ளங்கை அகலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பழக்கம் விட்டுப் போச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தை அறுப்பு முடிகிற வரை, அடிதடிக்குப் பயந்து, வழக்கம்போலத் தோட்டாக்கள் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தன. மாசி பிறந்ததும் பெட்டிகள் திரும்பி வந்தன, கூடவே செய்தியும் வந்தது. பங்குனி முதல் ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் மாவட்டங்களுக்கிடையே போட்டி. ஒரு கிளப்புக்கு ஒரு ஆள். இரண்டு குண்டு சோதனைக்கு, பத்து குண்டு கணக்குக்கு. தங்கையனை விட்டால் ஆளில்லை என்பது கனகசபைக்கும் தெரிந்தது. தன் கிளப் பெயர் பேப்பரில் வர வேண்டும் என்ற ஆசை, தன்னிடம் கூலி கூட்டிக் கேட்டவன் இவன் என்ற கோபத்தைக் கொஞ்சம் அமுக்கிவிட்டது. அமுக்கியதோடு நிற்காமல், மாயவரத்தில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த காதர் மைதீன் மூலமாக வெளிநாட்டுத் தோட்டா பத்துப் பெட்டி வரவழைத்தார்.

"அசல் சீமைச் சரக்கு. நம்ம ஊரு தோட்டாவுக்கே அந்தப் போடு போட்டானே, இதுல பாருங்க" என்று எல்லோரிடமும் பெட்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். பெட்டி பளபளவென்று, கல்யாணத்துக்கு மிட்டாய் வைத்துக் கொடுக்கலாம் போல இருந்தது.

தங்கையன் சீமைத் தோட்டாவைப் போட்டுச் சுட்டான். முதல் குண்டு கீழே. இரண்டாவது இடது பக்கம். மூன்றாவது வட்டத்துக்கு வெளியே. அட்டை முழுக்கக் கோழி கிளறியது மாதிரி ஓட்டை.

கோவிந்தராசுவுக்கு அன்றைக்குச் சோறு ருசித்தது. இதை மறைப்பானேன்? குழம்பு நன்றாக இருக்கிறது என்று பெண்சாதி தர்மாம்பாளிடம் வாய்விட்டுச் சொன்னார். அவள் உப்புப் போட மறந்திருந்தாள்.

நாலு நாள் இப்படியே போனதும் கனகசபை கூப்பிட்டார். "என்னய்யா கோவிந்தராசு, ரைபிள்ல கோளாறா, தோட்டாவுல கோளாறா, அவன் கையில கோளாறா? நீதான் பட்டாளத்துல இருந்தவன். பாத்துச் சொல்லு."

அந்தக் கேள்வி அவரை ஒரு முழம் உயர்த்திவிட்டது. பார்த்தார். ஒழுங்காகவே பார்த்தார், வேலையில் அவர் ஏமாற்றுகிறவர் இல்லை. கட்டையையும் குழலையும் பிணைக்கிற திருகாணிகளைக் கழற்றி மாட்டி இறுக்கினார். குழல் நுனியில் இருக்கிற முன்குறி ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தார். குழல் வாயில் பஞ்சைச் சுற்றி, எங்காவது பிசிறு இழுக்கிறதா என்று பார்த்தார். ஒன்றுமில்லை. கடைசியில் தோட்டா. உமி மூட்டை நெகிழும் என்பதால் காவிரி மணலைச் சாக்கில் கட்டி, அதன் மேல் ரைபிளைக் கிடத்தித் தானே சுட்டார். ஐந்து குண்டு இந்தியாவிலேயே செய்த நாட்டுத் தோட்டா, ஐந்து குண்டு சீமைத் தோட்டா, மாற்றி மாற்றிப் பத்து அட்டை. ஒவ்வொரு ஐந்து குண்டுக்கும் நடுவில் பட்டாளத்து முறைப்படி குழலுக்குள் துணி விட்டு, எண்ணெய் விட்டு, மறுபடி துணி விட்டு, உள்ளே கண்ணாடிபோல மின்னுகிற வரை தேய்த்தார். அழுக்குக் குழலில் சோதனை செய்தால் அது சோதனையா?

பத்து அட்டைகளையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தார். எல்லாமே உள்ளங்கை அகலம். நாட்டுத் தோட்டாவும் அதே, சீமைத் தோட்டாவும் அதே. ஒரு வித்தியாசமும் இல்லை.

கிளப் கொட்டகையில் கனகசபையும் தங்கையனும் நிற்க, அட்டைகளை மேசையில் பரப்பினார்.

"தோட்டாவுல ஒண்ணும் இல்லீங்க ஐயா. ரெண்டும் ஒரே மாதிரிதான் போவுது. ரைபிள்லயும் ஒண்ணும் இல்ல." அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. "கையிலதான் கோளாறு. அன்னிக்கு மணிக்கட்டுல பட்ட அடி இப்ப வேலையக் காட்டுது."

தங்கையன் தன் வலது கையை விரித்துப் பார்த்தான். மணிக்கட்டைத் தடவினான். கோவிந்தராசு அதைப் பார்த்தார். பார்க்க இனிப்பாக இருந்தது. அந்த இனிப்புக்குள் ஏதோ ஒன்று கசந்தது, அதை அவர் விழுங்கிவிட்டார்.

மேலும் பத்து நாள் சுட்டான் தங்கையன். விலையுயர்ந்த தோட்டா இருக்க நாட்டுத் தோட்டாவை வீணாக்க வேண்டாம் என்று கனகசபை உத்தரவு. கை மேல் சந்தேகம் வந்தவன் சுட்டால் எப்படி இருக்கும்? மூச்சை அடக்குவான், விடுவான், மறுபடி அடக்குவான். ஓட்டைகள் இன்னும் விலகின. ஒரு நாள் ரைபிளைக் கொண்டுவந்து கோவிந்தராசு கையில் வைத்தான்.

"நான் போவல மச்சான். கிளப்புல சொல்லிடுங்க."

செய்தி கேட்ட கனகசபை கோவிந்தராசுவைக் கூப்பிட்டார். "அப்ப நீயே போய்யா கோவிந்தராசு. பட்டாளத்துக்காரன் போனான்னு பேராவது இருக்கும்."

பதினெட்டு வருஷத்தில் ஒரு போட்டிக்கும் அவரை யாரும் அனுப்பியதில்லை. மற்றவர்கள் சுடத் துடைத்துக் கொடுத்தவர் அவர். வீட்டுக்கு வருவதற்குள் தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். பழைய காக்கியைச் சலவைக்குப் போட்டார். பொறாமைப்படுகிறவனுக்கு ஆசைப்பட்டது கிடைத்துவிட்டால் பொறாமை அடங்கும் என்று நினைக்கிறோம். அப்படி ஒன்றும் அடங்கவில்லை. தங்கையன் வந்து வாழ்த்த வேண்டும் என்று அது புதிதாகக் கேட்க ஆரம்பித்தது.

தங்கையன் வரவில்லை. அம்சவல்லி வந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. நெசமாவே அவரு கைதானா?"

"பாத்துட்டுத்தானே சொன்னேன்?"

"அதுக்கில்லண்ணே. கருக்கரிவாளப் புடிக்கவே பயப்படுறாரு. சங்கத்துல மனு எழுதச் சொன்னா வேற ஆளுகிட்ட குடுத்துடறாரு, கை நடுங்குதுங்கறாரு. நான் பாத்தா நடுங்கல. தெனம் வேப்பெண்ணெயக் காய்ச்சித் தடவுறேன். நீங்க சொன்னத அப்படியே நம்பிக்கிட்டாரு."

"கையின்னா வயசுக்கு ஒரு மாதிரி ஆவும்" என்றார் கோவிந்தராசு. முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் பொய்யும் சொல்லவில்லை. அந்த நிமிஷம் வரை தன் சோதனையை அவர் நம்பிக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் மாயவரத்துக்குப் பஸ் ஏறினார், தான் பழகுவதற்கு இன்னும் இரண்டு பெட்டி வாங்க. காதர் மைதீன் அறுபது வயதுக்காரர். கிளி விரட்டுகிற வெடி, கொக்குத் துப்பாக்கி, ரைபிள் எதுவானாலும் அந்தக் கடையில் வைத்துத்தான் மாயவரத்தில் பேசுவார்கள்.

"திருச்சிக்கு நீங்க போறீங்களாமே தம்பி? சந்தோஷம். முன்னாடி வாங்கின பெட்டியில என்ன நம்பர் போட்டிருக்கு? அதே நம்பரா பாத்துத் தரேன். ஒரே கம்பெனி சரக்குன்னாலும் ஒரு தடவ செஞ்சது மாதிரி மறு தடவ இருக்காது."

கோவிந்தராசு கொண்டுவந்திருந்த பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்தார். பொடி எழுத்து. கையை நீட்டிப் பிடித்தார். இன்னும் நீட்டினார். எறும்பு ஊர்ந்த தடம்போல ஏதோ தெரிந்தது.

காதர் மைதீன் பெட்டியை வாங்கிக்கொள்ளவில்லை. கையை நீட்டி நின்ற ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். போட்டுப் பார்த்தால் எண் பளிச்சென்று எழுந்து நின்றது.

"வெள்ளெழுத்து தம்பி. எத்தன நாளா?"

"தெரியாது பாய்."

"தெரியாம இருக்குமா? முன்குறி மங்கலாத் தெரியுமே."

மங்கலாகத்தான் தெரிந்தது. ஒரு வருஷமாக. முன்குறியின் ஓரம் பஞ்சுபோல இருந்ததை வெயில் என்றும் வேர்வை என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். காதர் மைதீன் விடவில்லை, என்ன சோதனை செய்தீர்கள் என்று கேட்டார். கோவிந்தராசு சொன்னார். நடுநடுவே குழலைத் தேய்த்ததையும் பெருமையாகச் சொன்னார்.

"அடப் பாவமே. அது சண்டைத் துப்பாக்கிக்கு உள்ள பழக்கம் தம்பி. இதுல ஈயக் குண்டு உறையில்லாம மொட்டையா இருக்கு, மேல மெழுகு பூசியிருக்கான். தோட்டா மாத்தினா பழைய மெழுகு போயி புது மெழுகு குழல்ல படியணும். இருபது குண்டு மண்ணுல சுட்டாத்தான் சொன்ன பேச்சு கேக்கும். நீங்க அஞ்சு அஞ்சாத் தேய்ச்சு எடுத்தா எந்தத் தோட்டாவும் நிலைக்கு வராது. அதுக்கும் மேல, சுடறவன் அட்டை உள்ளங்கை அகலம்னா தோட்டாவுல இருக்கற விரக்கடை வித்தியாசம் எங்கேருந்து தெரியும்? ஆடுதுறை இருபத்தேழு நெல்லு ஒரு வயல்ல பொன்னா வெளையுது, பக்கத்து வயல்ல பதராப் போவுது. குழலும் அப்படித்தான். இந்தக் குழலுக்கு எது ஒத்துவரும்னு சின்னதாச் சுடத் தெரிஞ்சவன வச்சுத்தான் பாக்கணும்."

சின்னதாகச் சுடத் தெரிந்தவன். ஜில்லாவிலேயே அது யார் என்று அந்தப் பெரியவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

கோவிந்தராசு பஸ்ஸில் உட்கார்ந்து ஊர் வரும் வரை கணக்குப் போட்டார். வாயை மூடிக்கொண்டால் திருச்சிக்குப் போகலாம். தோற்பார்; தோற்றாலும் போனவர் என்ற பெயர் நிற்கும். வாயைத் திறந்தால் கண் போனது வெளியே வரும். குறி பார்த்துத் துப்பாக்கி சரிசெய்கிற வேலைக்குக் கண் போனவனை எவன் வைத்துக்கொள்வான்? அதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தங்கையன் மறுபடி எட்டணாவுக்குள் சுடுவான். ஊர் மறுபடி அவன் வாசலில் கூடும். அதுதான் உண்மையில் அவருக்குப் பொறுக்கவில்லை.

கடைசியில் அவரைப் பள்ளத்துக்குத் தள்ளியது நல்ல மனசு என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அது பொறாமைதான். என் சோதனை தப்பாக இருக்கலாம், ஆனால் முடிவு தப்பாக இருக்க வேண்டுமா என்ன? தங்கையன் கையும் நிஜமாகவே கெட்டிருக்கலாமே? எந்தத் தோட்டா என்று தெரியாமல் அவனைச் சுட வைத்தால் எல்லாமே சிதறும், அப்போது மனசும் ஆறும், மானமும் தப்பும். இப்படி நினைத்துத்தான் மறுநாள் காலையில் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஒரே ஒரு தடவ சுட்டுக் காட்டு மாப்ள. தோட்டாவ நான் போடறேன். நீ திரும்பிப் பாக்காத."

தங்கையன் வேண்டா வெறுப்பாகப் படுத்தான். கோவிந்தராசு பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தோட்டாவாகத் தன் மடியிலிருந்து எடுத்து ரைபிளில் போட்டார். இந்தத் தடவை குழலைத் தேய்க்கவில்லை. துணியை எட்டாத தூரத்தில் வைத்தார். முதலில் நாட்டுத் தோட்டா, இருபது குண்டு மண்சரிவில். அப்புறம் ஐந்து அட்டையில். பிறகு சீமைத் தோட்டா, இருபது மண்ணில், ஐந்து அட்டையில். மறுபடி நாட்டுத் தோட்டா இருபது, அட்டையில் ஐந்து. மறுபடி சீமை. வெயில் ஏறிவிட்டது.

அட்டைகளை எடுக்கக் கோவிந்தராசு தனியாக நடந்தார். போகிற வழியிலேயே தெரிந்துவிட்டது. தூரத்துப் பார்வைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. முதல் அட்டையும் மூன்றாவது அட்டையும் எட்டணாவுக்குள். இரண்டாவதும் நாலாவதும் கோழி கிளறியது. அந்தச் சீமைச் சரக்கு எங்கேயோ எந்தத் துப்பாக்கியிலோ நன்றாகப் போகலாம். இந்தக் குழலுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். தங்கையன் கையில் ஒன்றுமே இல்லை. எந்தத் தோட்டா என்று தெரியாமல், மூன்று வாரம் உடைந்து போயிருந்த மனசோடு, சுடுகிற ஆசையே இல்லாமல் படுத்தவன் இரண்டு தடவை எட்டணாவுக்குள் போட்டிருந்தான்.

அட்டைகள் நாலும் கோவிந்தராசுவின் கையில். எது எந்தத் தோட்டா என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவர். ஒரு நல்ல அட்டையையும் ஒரு கெட்ட அட்டையையும் இடம் மாற்றி அடுக்கினால் போதும். இப்படியும் விழுது, அப்படியும் விழுது, கைதான் மாப்ள என்று சொல்லிவிடலாம். காக்கி சலவையிலிருந்து வந்துவிட்டது. அவருடைய விரல்கள் இரண்டு அட்டைகளை நிஜமாகவே மாற்றின. மாற்றிப் பிடித்தபடி ஐம்பது கஜமும் நடந்து வந்தார்.

தங்கையன் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே வலது கையை மண்ணில் ஊன்றி, அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுங்க மச்சான். எதுன்னாலும் தாங்கிக்கறேன். இந்தக் கை இனிமே ஒண்ணுத்துக்கும் ஒதவாதா?"

துப்பாக்கியைப் பற்றி அவன் கேட்கவில்லை. அரிவாள் பிடிக்கிற கை, மனு எழுதுகிற கை, தன் தங்கைக்குச் சோறு போடுகிற கை. கோவிந்தராசுவுக்கு அந்தக் கேள்வி செவிட்டில் அறைந்தது மாதிரி இருந்தது. எரிந்தார், ஆசைப்பட்டார், எல்லாம் சரி. ஒருவன் கையையே பிடுங்கிக்கொள்ள அவர் நினைத்ததில்லை. பிடுங்கித்தான் வைத்திருந்தார்.

அட்டைகளைப் பழையபடி மாற்றி அவன் முன்னால் போட்டார்.

"நல்லா விழுந்தது நம்ம ஊரு தோட்டா. செதறினது சீமை. ஒன் கையில ஒண்ணும் இல்ல மாப்ள. என் கண்ணுலதான். ஒரு வருஷமா முன்குறி தெரியல எனக்கு. தெரியாமயே சுட்டுப் பாத்துட்டு ஒன் கையச் சொன்னேன்."

தங்கையன் அட்டைகளை வெகுநேரம் பார்த்தான். எழுந்து உட்கார்ந்தான். முகம் சிவந்து போயிருந்தது.

"கண்ணு தெரியாதது எப்பலேருந்து தெரியும்?"

"நேத்துதான்."

"அடி பட்ட கைன்னு சொன்னீங்களே, அதுக்கு எந்தக் கண்ணு வேணும்?"

கோவிந்தராசுவிடம் இருந்த பதில் ஒன்றுதான், அதைச் சொல்லவும் செய்தார். "பொறாமை மாப்ள."

தங்கையன் ரைபிளை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கிளப் கொட்டகைக்கு வந்தான். அங்கே கனகசபை மேசையில் நாலு அட்டையும் கோவிந்தராசுவின் பழைய பத்து அட்டையும் கிடந்தன. கோவிந்தராசு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லி முடித்திருந்தார். சீமைச் சரக்கைக் குறை சொன்னதில் மிராசுதாருக்கு ஏக வருத்தம்.

"கண்ணு தெரியாதவன துப்பாக்கி பாக்கற ஆர்மரர்னு வச்சுக்கிட்டு நான் என்னய்யா பண்றது?" என்றார்.

"தொடைக்கறதுக்கு ஒரு கண்ணாடி போதும் சார்" என்றான் தங்கையன். அவரை அந்த ஊரில் ஐயா என்காமல் சார் என்று கூப்பிடுகிற ஒரே கூலிக்காரன் அவன். "குறி பாக்கற வேலைய நான் பாத்துக்கறேன். திருச்சிக்கு நான் போறேன். மச்சான் கூட வரட்டும். இந்தக் குழல அவரு மாதிரி யாருக்கும் தெரியாது."

வேலை தப்பியது. குறி பார்க்கிற பாதி வேலை கைமாறியது. பாதி வேலையும் அவன் போட்ட பிச்சையா என்று கோவிந்தராசுவின் வயிறு பழையபடி கேட்டது. கேட்டுக்கொண்டே திருச்சிக்கு ரயில் ஏறினார்.

போட்டியன்று காலையில் குழலில் துணி விடவில்லை அவர். முந்தின நாள் பழகும்போது நாட்டுத் தோட்டா இருபது போய் மெழுகு படிந்த குழலை அப்படியே கொண்டுவந்திருந்தார். தங்கையன் படுத்தான். சுடுகிறவனுக்கு அவ்வளவு தூரத்தில் தன் ஓட்டை தெரியாது. பக்கத்தில் ஒருவர் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் கோவிந்தராசு படுத்தார். பின்னால் கயிற்றுக்கு அப்பால் அம்சவல்லியும் கனகசபையும் நின்றார்கள்.

சோதனைக் குண்டு இரண்டும் நடுவில். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் ஒரே இடம். தொலைநோக்கியைத் தன் கண்ணுக்குத் தக்கபடி திருகி வைத்திருந்ததால், ஓட்டையின் ஓரத்தில் காகிதம் கிழிந்திருப்பதுகூட அவருக்குத் தெரிந்தது. ஏழு, எட்டு. ஒன்றாவது விலகட்டுமே என்று மனசு சொன்னது. சொன்னதைக் காதால் கேட்டதுபோல் கேட்டார். வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தும் அது நிற்கவில்லை. ஒன்பது. ஒன்றே ஒன்று, இந்தக் கடைசியாவது, ஒரு விரக்கடை.

பத்து. விலகவில்லை.

"எப்படி மச்சான்?" என்றான் தங்கையன், கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமல்.

கோவிந்தராசுவின் கண் நிரம்பித் தொலைநோக்கி மங்கியது. சந்தோஷத்தில் அழுகிறார் என்று பின்னால் அம்சவல்லி நினைத்துக்கொண்டாள். அது சந்தோஷம் இல்லை என்பது அவர் ஒருவருக்குத் தெரியும்.

"எல்லாம் உள்ளதான் மாப்ள" என்றார். "பத்தும் நடுவுல. இப்படி ஒரு அட்டைய என் சர்வீஸ்ல நான் பாத்ததில்ல."

சொல்லிவிட்டு எழுந்து உட்கார்ந்து கை தட்டினார். அட்டை இன்னும் யார் கைக்கும் வரவில்லை, யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த மைதானத்தில் கொஞ்ச நேரம் அவர் ஒருவர்தான் தட்டிக்கொண்டிருந்தார்.